செல்வியின் குரல் கேட்ட பூனை

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் மனைவி செல்வி இறந்து மூன்று மாதமாகிறது. ஷூ கம்பெனியிலிருந்து அவள் கடைசியாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை இதுவரை இயர்போனில்தான் கேட்டு வந்தேன். இன்று சாயங்காலம் வாணியம்பாடியிலிருந்து வந்த அக்கா, தானும் கேட்க வேண்டும் என்றாள். முதல்முறையாகச் சத்தமாக வைத்தேன்.

"ஷிப்ட் முடிஞ்சிடுச்சு. வந்துகினே இருக்கேன். பூனைக்குப் பால் வெச்சீங்களா?"

கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய பூனை துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடியது. தெருவைப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தியது. அப்படியொரு கத்தலை அதனிடம் நான் கேட்டதே இல்லை.

"அதுக்கு இன்னாடா தெரியும்? பாலுன்னா ஓடுது," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பால் ஊற்றி வைத்தேன். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அக்கா ஊருக்குப் போய்விட்டாள். பாலில் ஏடு படிந்துவிட்டது. பூனை இன்னும் வாசற்படியில்தான் இருக்கிறது. தூக்கி வந்து பக்கத்தில் விட்டாலும் மறுபடி அங்கேயே போய் உட்காருகிறது. அவள் வரமாட்டாள் என்பது அதற்கு மெல்லப் பழகியிருக்கும். நான்தான் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். இனி அதை எந்தப் பாஷையில் இல்லை என்று சொல்வேன்? சத்தமாக வைத்திருக்கவே கூடாது.

தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது அதன் காது நிமிர்கிறது. நானும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்க்கிறேன்.