இளவரசன் ஆகாத பையன்

அம்மா,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் திருத்தம் பார்க்கும் மாதிரிப் பிரதி இன்று காலை ஹட்டன் அச்சகத்திலிருந்து வந்தது. உறையைப் பிரித்ததும் மை வாசனை. நூலகத்துக்குப் புதுப் புத்தகக் கட்டு வரும் நாட்களில் நீங்கள் மூக்கை வைத்து முகர்வீர்களே, அதே வாசனை. அழுகைதான் வரும் என்று நினைத்தேன். இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் கோபம் வந்தது. “ஓய்வு நேரமெல்லாம் பக்தி நூல்களையே வாசித்த நூலகர்” என்று உங்களைப் பற்றி எழுதியிருக்கிறது. உங்கள் அண்ணன், என் பெரிய மாமா எழுதிக் கொடுத்தது.

பக்தி நூல்களா? நீங்களா?

ஆஸ்பத்திரியில் உங்கள் தலையணைக்குக் கீழே கடைசி வரை இருந்தது, பறக்கும் பாம்பின் படம் போட்ட சிறுவர் நாவல். “பேரப்புள்ளயோட புக்கா அம்மா?” என்று நர்ஸ் கேட்டார். “இல்லம்மா, என்னோடது. முடிச்சிட்டு ஒனக்கும் தாரேன்” என்றீர்கள். அதை முடிக்கத்தான் உங்களுக்கு நாள் இல்லாமல் போனது.

எங்கள் டவுனின் சின்ன நூலகத்தில் எத்தனையோ கனமான புத்தகங்கள் இருந்தன. கேட்பவர்களுக்கு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பீர்கள். உங்களுக்கென்று வீட்டுக்கு எடுத்து வந்ததெல்லாம் பூதமும் மாயக் கம்பளமும்தான். இந்த வயதில் பேய்க் கதையா என்று பஸ்ஸில் ஒருவர் சிரித்தபோது நீங்கள் அட்டையைக்கூட மறைக்கவில்லை. “தேயிலத் தோட்டத்துல தொரையையும் வேல வாங்குற கண்டாக்கையாவையும் பாத்து வளந்தவ நான். பூதத்துக்கா பயப்படப் போறேன்?” என்றீர்கள்.

சனிக்கிழமைகளில் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளிலிருந்து பிள்ளைகள் மழையில் நனைந்தபடி நூலகத்துக்கு இறங்கி வருவார்கள். நீங்கள் கதை வாசிப்பீர்கள். ஏழைப் பையன் ஒருவன் பூதத்தை அடித்துப் போட்டுவிட்டு, நேராக வீட்டுக்கு வந்து ரொட்டி தின்பான். அந்தக் கதை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதும் அதே புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் அவன் ரொட்டியே தின்னவில்லை. அவன் தோளில் ஒரு மச்சம் இருக்கிறது. காணாமல் போன இளவரசன் அவன்தான் என்று சொல்லி, அரண்மனைக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள்.

“பொய் சொல்லிட்டீங்கம்மா” என்று உங்களிடம் சண்டைக்கு வந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. “நம்ம புள்ள ஒருத்தன் தைரியமா ஒண்ணு செஞ்சிட்டா, ஒடனே ராசா வீட்டுப் புள்ளன்னு சொல்லிர்றாங்க. கொழுந்து எடுக்கிறவ மகன் பூதத்தை அடிக்கக் கூடாதா? புத்தகத்துல நான் ஒரு எழுத்தும் தொடல. என் வாய்க்கு யாரும் சட்டம் போடல” என்றீர்கள்.

இன்று மாமாவுக்குப் போன் செய்தேன்.

“மாமா, அந்த வரிய எடுத்துருங்க.”

“ஊரு என்னம்மா நெனைக்கும்? அவ்வளவு பெரிய வேலையில இருந்தவ, கடைசி வரைக்கும் புள்ளைங்க புஸ்தகம் படிச்சான்னா போடுறது? கௌரவமா ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான்...”

மாமாவுக்கு உங்கள்மேல் உயிர். அதனால்தான் உங்கள் தோளிலும் ஒரு மச்சத்தைத் தேடுகிறார். எனக்கு அது வேண்டாம்.

“கொழுந்து எடுத்தவங்க மக லைப்ரேரியனா வந்து, தனக்குப் புடிச்சதப் படிச்சாங்க. இதவிட என்ன கௌரவம் வேணும் மாமா?”

“நீயும் அவளாட்டமே பேசுற” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வரியை அடித்துவிட்டு, “மாயக் கதைகளையும் சிறுவர் நூல்களையும் ஆசையோடு வாசித்தவர்” என்று எழுதி அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். கேட்பவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும்.

நீங்கள் பாதியில் விட்ட நாவலை நேற்று நான் முடித்தேன். சொன்னால் திட்டுவீர்கள். பறக்கும் பாம்பை விரட்டியடிக்கிறாளே அந்த மாடு மேய்க்கும் பெண், அவள் கடைசி அத்தியாயத்தில் அரசனின் மகளாம். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நாளை அந்தக் கதையை என் மகளுக்கு வாசிக்கப் போகிறேன். என் வாசிப்பில், பொழுது சாயும்போது அந்தப் பெண் மாடுகளை ஓட்டிக்கொண்டு தன் அம்மாவிடம்தான் வருவாள். நான் இருக்கும்வரை அவளை எந்த அரண்மனைக்கும் அனுப்ப மாட்டேன்.