மூக்குக்கண்ணாடிக்கும் ஓர் இடம்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் லான்யிங் வணங்கி எழுதுகிறேன். நெஞ்சுப் படபடப்பு குறைந்ததா? அம்மாவுக்குக் கால்வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

உங்களிடம் இருக்கிற மாதிரி, வீட்டில் இதயத்துடிப்பு பார்க்கும் கருவிக்கு எங்கள் டொங்குவான் ஆலையில் பெட்டி செய்கிறோம். உள்ளே வைக்கும் நுரைப்பஞ்சை வெட்டுவது நான். கண்ணாடி இல்லாமல் உங்களால் எண்களைப் படிக்க முடியாதே என்று அதற்கும் ஒரு பள்ளம் வெட்டினேன். "இதென்ன கண்ணாடிக் கடையா?" என்றார் மேஸ்திரி கோங்.

நேற்று பெட்டி வாங்க வந்தவர் முன்னால், உறுதியைக் காட்ட முதலாளி வழக்கம்போல் கருவியோடு பெட்டியை மூன்றாம் மாடியிலிருந்து வீசினார். கருவி பிழைத்தது. எண்ணைப் படிக்கச் சொன்னதும் மேஸ்திரி சட்டைப்பையைத் தடவினார்.

"என் கண்ணாடிய யாரு எடுத்தது?"

"நான்தான் அந்தப் பள்ளத்துல வெச்சேன். அதையும் சேத்துத்தான் வீசினாங்க, மேஸ்திரி."

எடுத்துக் காட்டினேன். ஒரு கீறல் இல்லை. இருபதாயிரம் பெட்டிக்கு ஆர்டர். இப்போது அவர் எல்லாரிடமும், "நானும் லான்யிங்கும் யோசிச்சது" என்கிறார்.

முதல் பெட்டி உங்களுக்கு வருகிறது. இனிக் கருவியைக் காலுறையில் சுற்றாதீர்கள். அம்மா போட்ட மிளகாய் ஊறுகாய் ஒரு புட்டி அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் எதுவும் இறங்குவதில்லை.

மணி அடித்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் சிகரெட் பெட்டியை வைக்கப் பார்க்காதீர்கள். நுழையாதபடி அளந்துதான் வெட்டியிருக்கிறேன்.

லான்யிங்