ப்ளக்கைக் கழற்றிய பிறகும்

என்னங்க,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பதறிப்போவீர்கள். நம் கௌதம் நன்றாக இருக்கிறான். கையில் ஒரு கீறல்கூட இல்லை. குளித்துவிட்டு சோபாவில் கால் நீட்டிப் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் உங்கள் ஆம்ப்ளிஃபயரால் வந்த வினை. கடையில் வாங்கியதெல்லாம் போதாதென்று கடைசியாக நீங்களே செய்ய உட்கார்ந்தீர்களே, அந்த வால்வு ஆம்ப்ளிஃபயர். பாதி வயர் தொங்க, மூடி இல்லாமல், இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் மேசைமேல் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதன்மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கவும் பழகிக்கொண்டேன்.

உங்களைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நம் ஹாலில் ஒரு பாட்டு செட்டாவது நிலைத்து நின்றதுண்டா? தேக்கா மார்க்கெட்டுக்கு ஆட்டுக்கறி வாங்கப் போன மனுஷன், சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு இரும்பு டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். அன்றைக்கு விருந்தாளிகளுக்கு முட்டைக் குழம்புதான். ஒவ்வொரு தடவையும் "இதோட சரி செல்வி, இனி சாகுற வரைக்கும் இதுவே போதும்" என்பீர்கள். அடுத்த பொங்கலுக்குள் அது யார் வீட்டுக்கோ போயிருக்கும்.

அந்தத் துணியைப் போன மாதம் கௌதம் எடுத்தான். "அம்மா, அப்பா ஆம்ப்பை நான் முடிக்கிறேன்" என்றான்.

"வேணாம்டா. உனக்கு என்ன தெரியும் அதுல?"

"எல்லாம் ஆன்லைன்ல இருக்கு. நான் இன்ஜினியர் லா."

"நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்டா."

"கரண்ட் எல்லாம் ஒண்ணுதான்மா."

வீடு முழுக்கத் துடைக்கச் சொல்கிற நீங்கள், அந்த மேசையை மட்டும் தொடவே கூடாது என்பீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் விளையாட்டே இருக்காது. இன்னொரு விஷயம், உங்களுக்குச் சொல்லவே இல்லையே. நீங்கள் தாத்தா ஆகப்போகிறீர்கள். மருமகள் ரம்யாவுக்கு ஆறு மாசம். அந்த நேரத்திலா இவன் கரண்டோடு விளையாட வேண்டும்? ஒருத்தரைக் கொடுத்தாயிற்று. இன்னொருத்தரைக் கொடுக்க என்னிடம் தெம்பில்லை.

வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். அப்போதுதான் சொன்னான். "அப்பா ஒரு நாள் போன் பண்ணாரும்மா. உள்ள சின்னச் சின்ன வேலை, கண்ணு தெரியல, டார்ச் பிடிக்க வாடான்னாரு. வேலை இருக்குப்பா, நெக்ஸ்ட் வீக் வர்றேன்னேன்." அந்த அடுத்த வாரத்தை நீங்கள் அவனுக்குக் கொடுக்கவில்லையே. அவன் எடுத்துப்போட்ட துணியை நானே மடித்து உள்ளே வைத்தேன்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் பொங்கோல் வீட்டிலிருந்து இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். ரம்யா சோபாவில் உட்கார்ந்து மாங்காய் தின்பாள். இவன் ஈயத்தைக் காய்ச்சிக் காய்ச்சி ஒட்டுவான். ஹாலில் சாம்பிராணி வாசம் போய் ஈயப் புகைதான். நான் அடுப்படியில் ஒரு கண், அவன்மேல் ஒரு கண் என்று அலைந்துகொண்டிருப்பேன். சோற்றில் உப்புப் போட்டேனா என்பதே மறந்துபோகும்.

இன்று காலையில், "முடிஞ்சிருச்சும்மா, ஆன் பண்ணப் போறேன்" என்றான். கரண்ட் கொடுத்தான். கண்ணாடி வால்வுகள் மெல்ல மெல்லச் சிவந்து எரிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்பீக்கரில் ஒரு முனகல்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான். பிறகு ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே வேகத்தில் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தான்.

நான் கரண்டியோடு அடுப்படி வாசலில் நிற்கிறேன். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. என்ன என்று தெரியவில்லை. அவன் வலது கையில் ஸ்குரூ டிரைவர். இடது கை அந்த இரும்புப் பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்த இடது கைதான் என் கண்ணை உறுத்தியது.

நீங்கள் அந்த மேசையில் நிற்பதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! உங்கள் இடது கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டில்தான் இருக்கும். வீட்டில் சதா கைலியோடு திரிகிற ஆள், அந்த வேலைக்கு மட்டும் போய் பேண்ட் மாட்டிக்கொண்டு வருவீர்கள். "கப்பல் வாங்க வந்த துரை மாதிரி நிக்கிறதைப் பாரு" என்று நான்கூடக் கேலி செய்வேன். நீங்கள் சிரிப்பீர்களே ஒழிய கையை வெளியே எடுக்கமாட்டீர்கள்.

"கையை எடுடா!" என்று கத்தினேன். "பாக்கெட்ல போடு! கையைப் பாக்கெட்ல போடு!"

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவன் திடுக்கிட்டு இடது கையை எடுத்தான். அதே நொடியில் உள்ளே 'டப்' என்று வெடித்தது. நீலமாக ஒரு வெளிச்சம். ரம்யா அலறிவிட்டாள். கரண்டி எங்கே விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. ஓடிப்போய் அவன் தலையை, தோளை, விரலையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஸ்குரூ டிரைவரின் நுனி கருகி, ஒரு ஓரம் உருகியே போயிருந்தது.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "ப்ளக்கைக் கழட்டிட்டேனேம்மா" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "உள்ள கபாசிட்டர் இருக்கு. அது கரண்டைப் பிடிச்சு வச்சுக்கும். ப்ளக் இல்லாட்டியும் ஆளைக் கொல்லும். வடிய விட்டுட்டுத்தான் தொடணும். படிச்சேன்மா, அவசரத்துல மறந்துட்டேன்" என்றான்.

"கையை எதுக்குடா பாக்கெட்ல போடணும்?"

"ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியாப் பாயும். ஒரு கைன்னா தப்பிக்கச் சான்ஸ் இருக்கு. உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கு என்னடா தெரியும்? உங்கப்பா ஸ்டைல் பண்றாருன்னுல்ல நினைச்சேன்."

ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் அன்றைக்கே மேசையோடு தூக்கிக் கீழே போட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும், அதுதானே? இத்தனை வருஷம் எமன் நம் ஹாலில் உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் நின்று அரிசி புடைத்திருக்கிறேன். அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிய நெஞ்சு, ஒரு கரண்டும் படாமல், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்த இடத்தில் நின்றுபோனது. இதற்கு நான் யாரைப் போய்க் கேட்பது?

"நாளைக்கே பழைய சாமான் எடுக்கிற கராங்குனிக்காரனைக் கூப்பிடு, இந்தச் சனியனை எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றேன். அவன் தலை நிமிரவில்லை. "ஒரே ஒரு வயர்தான்மா விட்டுப்போச்சு. இப்ப விட்டா திருப்பி இதுகிட்ட வரவே எனக்குத் தைரியம் வராது" என்றான். ரம்யாவைப் பார்த்தேன். அவள் அழுது முடித்திருந்தாள். "முடிக்கட்டும் அத்தே. நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றாள்.

நின்றேன். ரம்யாவை வெளியே காரிடாருக்கு அனுப்பிவிட்டு நான்தான் டார்ச் பிடித்தேன். இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, உள்ளே மிச்சமிருந்த கரண்டை வடிய விட்டான். மீட்டரை வைத்து ஒன்றுமில்லை என்று எனக்கும் காட்டிய பிறகுதான் வயரை ஒட்டினான். மறுபடி ப்ளக்கைச் சொருகும்போது எனக்குத் தெரிந்த சாமி எல்லோரையும் கூப்பிட்டேன்.

பாட்டு வந்ததுங்க. நீங்கள் எந்த செட் வந்தாலும் முதலில் போடுகிற அந்த நாதஸ்வர இசைத்தட்டு. ஹாலே நிறைந்துபோனது. கௌதம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பிறகு கையை எடுத்துவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்குடா."

"பழைய ஆம்ப்பை விடவா?"

நீங்கள் கடைசியாகக் கடையில் வாங்கிய பழையதை மாட்டிக் கேட்டோம். புதியதை மாட்டிக் கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டும் கேட்டோம். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா கேக்குது" என்றேன். "எனக்கும்தான்மா" என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

உயிரைப் பணயம் வைத்து என் பிள்ளை முடித்திருக்கிறான். வாழ்நாள் முழுக்க நீங்கள் தேடிய சத்தம் இன்று நம் ஹாலுக்கு வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா? அதைச் சொல்லக்கூடிய காது இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மண்டாய் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்துவிட்டோம்.

இனி அந்தப் பெட்டியைத் திறக்க யாரையும் விடமாட்டேன். அது என் வீட்டை விட்டும் போகாது. தினமும் சமையல் முடித்து உட்கார்ந்து கேட்கிறேன். இன்றைக்குப் புரியாதது நாளைக்குப் புரியட்டும். புரிகிற அன்றைக்கு, நீங்கள் தேடியது இதுதானா என்று உங்களுக்கு எழுதுகிறேன். அவசரப்படாதீர்கள், நான் பொறுமையாகக் கேட்பேன்.

இனிமேல்தான் காது கொடுக்கப் பழகப்போகும்
உங்கள் வீட்டுக்காரி,
செல்வி