தோளுக்கு மேல் ஒரு புள்ளி

டிசம்பர் 9, 2017
ஷூச்சின் இன்று என்னிடம் பேசியது மொத்தம் மூன்று சொற்கள்: "உப்பு அந்தப் பக்கம்." இது ஐந்தாவது நாள். ஒரு தூரிகைக்காகக் கட்டின புருஷனிடம் இவ்வளவு கோபமா? அவளுடைய நல்ல தூரிகைதான், இருபது வருடம் மையில் தோய்த்து எழுதிப் பழகியதுதான். ஆனா அடுப்புப் பக்கத்துல அதைக் காயப் போட்டது யாரு? முட்டை ரொட்டிக்கு நல்லெண்ணெய் தடவ, கையில் கிடைத்ததை எடுத்தேன். ரொட்டி அருமையாக வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

டிசம்பர் 10
தீர்ப்பு வந்துவிட்டது.
"புது வருஷத்துக்குக் கதவோட ரெண்டு பக்கமும் ஒட்டற சிவப்புத் தாள்ல வாழ்த்து நான் எழுதறேன். நிலைக்கு மேல ஒட்டற நாலு எழுத்து நீ எழுதணும், லாவ் பெங். கடையில வாங்கி ஒட்டினே, நான் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."
"எழுத வரலன்னா?"
"கதவு சாவு வீடு மாதிரி மொட்டையா இருக்கட்டும். இந்த வீட்ல யாரு செத்தாங்கன்னு எதிர்வீட்ல கேட்டா, நீதான்னு சொல்லிக்கறேன்."
சிரித்துவிட்டு வந்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. பிப்ரவரியில் பிறக்கப்போவது நாய் வருடம். அவள் பிறந்ததும் நாய் வருடத்தில்தான், அறுபது ஆகப்போகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வரும் சொந்த வருடம் ஆளைப் படுத்தும், உடம்பில் சிவப்பு வேண்டும், கதவில் சிவப்பு வேண்டும் என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த வருடத்தில் அவள் கதவு மொட்டையாக நிற்பதா? மனசு கேட்கவில்லை.

டிசம்பர் 13
ஓய்வு பெற்றவர்களுக்கான தூரிகை எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித்தருவது தோங் யூ என்ற பெண், என் மகளைவிடச் சின்னவள். இரண்டு மணி நேரம் ஒரே ஒரு படுக்கைக் கோடு.
"பெங் மாமா, நேரா கிளம்பாதீங்க. முதல்ல கொஞ்சம் பின்னால போங்க, அப்புறம் முன்னால. முடிக்கும்போது அழுத்திட்டுத் திரும்பி வாங்க."
முப்பத்து நான்கு வருடம் தியான்ஜின் முழுக்கப் பேருந்து ஓட்டினேன். ரிவர்ஸ் எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னது இவள் ஒருத்திதான். என் கோடு இரண்டு முனையிலும் வீங்கி, நாய் கடித்துப்போட்ட எலும்பு போல இருந்தது. அப்படி இருக்கக் கூடாதாம்.

டிசம்பர் 20
நிற்கும் கோடு. அது நிற்கவில்லை.

ஜனவரி 6, 2018
பூங்காத் தரையில், பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து எழுதிப் பழகினேன். காகிதச் செலவு இல்லை, காய்ந்தால் அவமானமும் மிச்சமில்லை. குளிரை மறந்துபோனேன். என் கோடுகளெல்லாம் ஐஸாகிவிட்டன. உடற்பயிற்சிக்கு வந்த லாவ் கொங், நான் போட்டதிலேயே நீளமான கோட்டில் வழுக்கி உட்கார்ந்தார்.
"ஒரு கோட்டுலேயே ஆளைச் சாய்ச்சிட்டியேய்யா! முழு எழுத்து எழுதினா ஊரே காலி!"
இதை ஷூச்சினிடம் சொன்னேன். உதடு லேசாகத் துடித்தது. சிரிக்கவில்லை.

ஜனவரி 17
எனக்கு வேண்டிய நான்கு எழுத்து, எழுத்துக்கு ஒரு சொல்: பெரிய நலம், பெரிய வரவு. 'பெரிய' இரண்டு முறை வருகிறது. கையைக் காலை அகட்டி நிற்கும் ஆள் மாதிரி, மூன்றே கோடு: படுக்கைக் கோடு, இடப்பக்கம் சரியும் கோடு, வலப்பக்கம் சரியும் கோடு. அந்த மூன்றாவதுதான் என்னைக் கொல்கிறது. மெல்லிதாகக் கிளம்பி, தடித்து, நின்று, பாதம் வைத்து வெளியேற வேண்டும். என்னுடையது பாதம் வைப்பதில்லை, தடுக்கி விழுகிறது.
புள்ளியைத் தனியாகப் பழகச் சொன்னாள் தோங் யூ. "சின்னதுன்னு விடாதீங்க மாமா. அதுக்கும் தலை உண்டு, வயிறு உண்டு."
புள்ளிதானே. விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3
ஷூச்சின் இரண்டு பக்கத்துக்கும் எழுதி முடித்துக் காயப் போட்டிருக்கிறாள். புதுத் தூரிகை, இருந்தாலும் எவ்வளவு அழகு! பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிப்ரவரி 15
நாளை புது வருடம். காலையிலிருந்து பதினொரு சிவப்புத் தாள் பாழ். பன்னிரண்டாவதுதான் கடைசி.
வந்துவிட்டது! நான்கு எழுத்தும் நிமிர்ந்து நின்றன. இரண்டு பாதமும் ஒழுங்காக ஊன்றின. தூரிகையைக் கீழே வைக்கக் கையை நகர்த்தினேன் — சொட்டு. முதல் எழுத்துக்கு வலது தோளுக்கு மேல், அளந்து வைத்தது போல ஒரு சொட்டு மை.
அந்த இடத்தில் புள்ளி விழுந்தால் 'பெரிய' இல்லை. 'நாய்'.
நாய் நலம், பெரிய வரவு. ஐயோ, எல்லாம் போச்சு, கடையெல்லாம் சாத்திட்டான், நான் என்ன பண்ணுவேன்?
பின்னால் ஷூச்சின். காலில் சொந்த வருடத்துச் சிவப்புக் காலுறை. தாளையே பார்த்தாள்.
"இது என்ன?"
"நாய் வருஷம் பாரு... உனக்குன்னுதான்..."
"பொய். சொட்டிடுச்சு."
"சொட்டிடுச்சு."
"தெரியும். நீ சட்டையில குழம்பு சொட்டாம என்னைக்குச் சாப்பிட்டிருக்கே?" குனிந்து உற்றுப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. இதுல ஒழுங்கா வந்தது அந்தப் புள்ளி ஒண்ணுதான். தலை இருக்கு, வயிறு இருக்கு."
பிறகு சிரித்தாள். பத்து வாரத்தில் முதல் தடவை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது, வேறு காரணத்துக்காக.
அவளே பசை தடவினாள். ஸ்டூல்மேல் ஏறி ஒட்டினேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, நாய்னு போட்டிருக்கு?" என்றாள்.
"ஆமா. அந்த நாய் நான்தான். அறுபது வயசு. நல்லா இருக்கணும்னு எங்க வீட்டுக்காரர் எழுதியிருக்கார்."

பிப்ரவரி 16
எழுந்தபோது ரொட்டி வாசம். அடுப்படியில் ஷூச்சின் என் தூரிகையால் ரொட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.
"அது என்னோடது!"
"இனிமே உனக்கு அது வேண்டாம். மேசையைப் பாரு."
மேசையில் அவளுடைய பழைய தூரிகை இருந்தது. முடியை அலசி, முனை சேர்த்து வைத்திருந்தாள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.