கதவின் அகலம்

ஞாயிறு, இரவு.

போன வாரம் எங்கள் லாட்ஜில் அறை கேட்டுக் கூப்பிட்ட ஓர் அக்கா போனில் கேட்டது ஒன்றுதான். "பாத்ரூம் கதவு எத்தன இஞ்ச் தம்பி? என் வீல்சேர் இருபத்தஞ்சு." லாட்ஜ் வாசலில் சாய்தளம் கட்டிவிட்ட தெம்பு எனக்கு. அளக்காமலே, "அதெல்லாம் பாத்துக்கிடலாம்க்கா, வாங்க" என்றேன்.

தன் அம்மாவின் அஸ்தியைத் தாமிரபரணியில் கரைக்க நேற்று மத்தியானம் தனியாக வந்தார். வீல்சேர் பாத்ரூம் கதவில் முட்டி நின்றது. "நாங்க ரெண்டு பேரு தூக்கி உள்ள விட்டுருதோம்க்கா" என்றேன்.

"ஒவ்வொரு தடவையுமா?" என்று கேட்டார். கையிலிருந்த தண்ணீர் பாட்டில்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை ஆற்றுக்குப் போய் அப்படியே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அறையில் நான் வைத்த இரண்டு தண்ணீர் பாட்டிலும் மூடி திறக்காமல் இருந்தன. இந்தச் சித்திரை வெக்கையில்.

இப்போதுதான் டேப்பை எடுத்துக் கதவை அளந்தேன். இருபத்திரண்டு. அளக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.