அட்டை காட்டி அடுப்புக் குழாய் மாற்றியவர்

அனுப்புநர்:
முடிதிருத்துபவர்,
சந்தைக்குப் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: சோதனை என்ற பெயரில் மட்டமான எரிவாயுக் குழாய் பொருத்தியவர் மீது நடவடிக்கை கோருதல் – இம்முறையாவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வீடு தேடி வருபவரிடம் அடையாள அட்டை கேட்கச் சொல்லும் தங்கள் விழிப்புணர்வுத் தாளை என் மனைவி சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தார். சென்ற மாதம் அடுப்புச் சோதனைக்கு என்று நீலச்சட்டைக்காரர் ஒருவர் வந்தபோது அதன்படியே கேட்டார். அவரும் முகம் கோணாமல் காட்டினார். புகைப்படம், முத்திரை, கழுத்துப்பட்டை எல்லாம் இருந்தனவாம். தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கழுத்திலும் அப்படியோர் அட்டையை நான் கண்டதில்லை.

2. நன்றாக இருந்த குழாயை வெட்டி எறிந்து, தாம் கொண்டுவந்ததை மாட்டி, ரசீதும் கொடுத்துப் போனார். அன்று மாலை அடுப்பைப் பற்றவைத்ததும் குழாய் நெடுகத் தீ ஓடியது. கீழ்வீட்டு அக்கா ஓடிவந்து சிலிண்டரை மூடியதால் வீடு தப்பியது. என் மனைவியின் வலது கை தப்பவில்லை. அவர் தையல்காரர். இப்போது ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறார். நான் கோத்து முடிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

3. புகார் கொடுக்க வந்தேன். தங்கள் எழுத்தர் ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது போலிங்க. இதை வச்சுப் புகார் எடுக்க முடியாது. சரியான ரசீதா வாங்கிட்டு வாங்க" என்றார். ஏமாற்றியவரிடமே போய் அசல் ரசீது கேட்க வேண்டும் என்று தோன்றாதது என் அறிவுக்குறைவே.

4. இன்று புதிய வாடிக்கையாளர் ஒருவர் சவரத்துக்கு அமர்ந்தார். பாதி முடிந்திருந்தது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி வாசலிலேயே நின்று, "இவர்தாங்க வந்தவர்" என்றார். கத்தி அந்த வாடிக்கையாளரின் தொண்டையருகே இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் பையைத் திறந்தால் அதே ரகக் குழாய்கள், ஒரு கட்டு.

5. அவர் என் கடையில்தான் இருக்கிறார். வாசலில் தெருக்காரர்கள் நிற்கிறார்கள். காவல் நிலையத்திலோ தங்கள் கடிதம் வந்தால்தான் வருவார்களாம். கருகிய குழாயுடன் என் மைத்துனர் இம்மனுவைக் கொண்டுவருகிறார். இன்று காலை அடுத்த தெருவில் நான்கைந்து வீடுகளுக்குக் குழாய் மாற்றியதாகப் பிடிபட்டவரே ஒப்புக்கொண்டார். எந்த வீடுகள் என்று நினைவில்லையாம். நாங்கள் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறோம். சில வீடுகள் பூட்டியிருக்கின்றன. வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைக்கும் முன் தாங்கள் ஆளனுப்ப வேண்டுகிறேன். புதிய விழிப்புணர்வுத் தாள் அச்சிட்டு வரும்வரை அவர்களுக்குப் பசி தாங்காது, ஐயா.

தங்களை வாசலில் எதிர்பார்த்து நிற்கும்,
(கையொப்பம்)
முடிதிருத்துபவர்

இடம்: என் கடை
நாள்: இன்று, பிற்பகல்