சனிக்கிழமைக்குள் மூடவேண்டிய வால்வு

மொன்டானா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நோரீனுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும். உன் கடிதம் நேற்று வந்தது. இத்துடன் ஒரு சின்னப் பார்சலை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். டிரெய்லர் முகாம் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓபல் கையெழுத்துப் போட்டு வாங்கி உன்னிடம் தருவாள். உன் கைபேசி இன்னும் உன் கணவன் பெயரில்தான் இருக்கிறது. யாரிடம் எத்தனை நேரம் பேசினாய் என்று ராய்ஸுக்கு எல்லாம் தெரியும். அதனால் நாம் இப்படியே எழுதிக்கொள்வோம்.

இங்கே கணவாய்ப் பாதையைப் பனி மூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டால்தான் நான் அங்கே தெற்கே வரமுடியும்.

நீ இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். என் டிரெய்லர் வண்டியில் கழிப்பறை நாற்றம் தாங்கவில்லை என்பது ஒன்று. சனிக்கிழமை வந்து சரிசெய்து தருவதாக ராய்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறான், வந்தால் வரட்டுமே என்று உனக்குத் தோன்றுகிறது என்பது இன்னொன்று. "ஒரு கக்கூஸக்கூட உன்னால பாத்துக்க முடியல, நீ எங்க தனியா இருந்து கிழிக்கப்போற" என்று அவன் சொன்னதை நீயே எழுதி, சிரித்துக்கொண்டேதான் சொன்னான் என்றும் சேர்த்திருக்கிறாய். இரண்டாவது விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீ அவனுக்காகப் பரிந்து பேச ஆரம்பிப்பாய். முதல் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நாற்றம் போய்விட்டால் சனிக்கிழமை அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கழிவுத் தொட்டியின் வால்வு திறந்தே இருக்கிறதா என்று முதலில் போய்ப் பார். திறந்துதான் இருக்கும். "கீழ பாதாளச் சாக்கடக் குழாய்தான் இருக்குல்ல, தொறந்தே விடு, தானாப் போயிடும்" என்று ராய்ஸ் சொன்னதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். வீடுகளுக்குக் குழாய் போடுகிறவன் அப்படித்தான் சொல்வான். வீட்டில் அது சரி. டிரெய்லரில் திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போகும். மற்றதெல்லாம் தொட்டியிலேயே தங்கிக் குவிந்து காய்ந்துவிடும். அந்தக் குவியல்தான் இப்போது உன் மூக்கில் ஏறுகிறது.

வால்வை மூடு. கழிப்பறை மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்று, தொட்டி முக்கால்வாசி நிரம்பும் வரைக்கும். ஓர் இரவு ஊறட்டும். அதுவரை அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கழிப்பறைக்குப் போய்க்கொள். காலையில் வால்வைத் திறந்து விடு. பிறகு மூடி, மறுபடி நிரப்பு. தண்ணீர் தெளிந்து வரும்வரை இதையே செய்யவேண்டும். குளியல் தண்ணீர்த் தொட்டியை மட்டும் கடைசியாகத் திற. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொடுக்கும். வால்வின் கைப்பிடி கடினமாக இருந்தால் வெளியே தெரியும் கம்பியில் சிலிக்கான் தெளிப்பான் அடி. இப்போதுதான் கட்டுப் பிரித்த வலது கையால் இழுக்காதே, இடது கையால் இழு.

கோப்பையில் தண்ணீர் நிற்பதில்லை என்று எழுதியிருந்தாய். நாற்றம் மேலே வருவது அதனால்தான். மிதியை அழுத்தினால் விலகுகிற அடைப்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதில் காகிதத் துணுக்கோ உப்போ படிந்தால் தண்ணீர் கசிந்து இறங்கிவிடும். வினிகரில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் சுற்றிலும் தேய்த்துப் பார். அப்படியும் நிற்காவிட்டால் வளையம் வெடித்திருக்கிறது என்று பொருள். பார்சலில் புது வளையம் இருக்கிறது. கோப்பையைக் கழற்றத் தேவையில்லை. பழையதை மேலிருந்தே விரலால் நெம்பி எடுத்து, புதியதை அகலமான விளிம்பு மேலே இருக்கும்படி சுற்றிலும் அழுத்தி விடு. கூடவே இருக்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிதாகப் பூசு. உதட்டுக்குப் பூசுகிற பெட்ரோலியம் ஜெல்லியைத் தொடவே தொடாதே, ரப்பரை ஊதவைத்துவிடும்.

என் கணவர் ஹாலிஸ் இறந்த வருஷம் டிரெய்லர் ஆறு மாதம் பூட்டியே கிடந்து அந்த வளையம் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. நான் மண்டியிட்டு அதை மாற்றினேன். அவர் இறந்த பிறகு அழாமல் செய்து முடித்த முதல் வேலை அதுதான். நாற்றத்தில் அழுவதற்கு எங்கே நேரம்?

வால்வைத் திறந்தே விடுவதற்கு முன்னால், கழிவுக் குழாயின் வெளி முனை மூடியைக் கழற்றும்போதெல்லாம் காலில் ஊற்றியது என்று அருவருத்து எழுதியிருந்தாய். உள்வால்வு ஒழுங்காக மூடவில்லை, அவ்வளவுதான். அதை மாற்ற வண்டிக்கு அடியில் படுக்கவேண்டும். இப்போது வேண்டாம். முனையில் மூடியைப் போலவே திருகிப் பொருத்துகிற இன்னொரு வால்வு அனுப்பியிருக்கிறேன். எந்தக் கருவியும் வேண்டாம், கையாலேயே திருகலாம்.

பக்கத்து வண்டி எல்மோர் உதவுவார் என்று எதிர்பார்க்காதே. நல்ல மனிதர். தன் லாரிச் சாவியைக்கூடக் கொடுப்பார். ஆனால் அடுத்தவர் கழிவுத் தொட்டியை அந்த முகாமில் யாரும் தொடமாட்டார்கள், கழிவுக் குழாயை இரவலும் தரமாட்டார்கள். நான் அங்கே தங்கிய முதல் வருஷம் எல்மோரிடம் தெரியாமல் கேட்டுவிட்டேன். "பல்லு வெளக்குற பிரஷ்ஷ எரவல் கேப்பியாம்மா நீ?" என்றார். ஆனால் நீ குழாயை மாட்டினால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அதற்கெல்லாம் கூசாதே.

வளையத்தை மாற்றியதும் கோப்பையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூங்கு. விடிந்து பார்க்கும்போதும் தண்ணீர் நிற்கவேண்டும். நின்றால் ராய்ஸுக்குச் சொல்லி அனுப்பு, வரவேண்டாம் என்று. உனக்கு எல்லாம் நல்லபடியாக முடியவேண்டும்.

உன் அக்கா,
மாவிஸ்

மொன்டானா,
வியாழக்கிழமை

அன்புள்ள நோரீனுக்கு,

உன் நீளமான கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடந்ததில் பாதியை ஓபல் ஏற்கனவே போனில் சொல்லிவிட்டாள், சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிக்கொண்டு.

வளையத்தை முதலில் தலைகீழாகப் போட்டாய் என்பதைப் பற்றிக் கவலைப்படாதே, நானும் அப்படித்தான் போட்டேன். விடிந்ததும் கோப்பையில் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டு கழிப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து காப்பி குடித்தாய் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்து நான் ஆசிரியர்கள் அறையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னவென்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வது?

வரவேண்டாம் என்று நீ சொல்லி அனுப்பியும் ராய்ஸ் வந்திருக்கிறான். அதை நீ ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாய். ஓபல்தான் விவரமாகச் சொன்னாள். அவன் வந்து நின்றபோது நீ கையுறை போட்டுக்கொண்டு கடைசித் தடவையாகத் தொட்டியைத் திறந்துகொண்டிருந்தாயாம். எல்மோரும் இன்னும் நாலு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். தெளிந்த தண்ணீர் குழாயில் ஓடுவதைப் பார்த்ததும் ராய்ஸின் முகம் மாறிவிட்டதாம். "எவன் வந்து பண்ணிக் குடுத்தான்?" என்று கேட்டானாம். எல்மோர்தான், "தம்பி, அடுத்தவன் தொட்டியில எவன்யா கைய வைப்பான்? என் பொண்டாட்டியே எங்க தொட்டியத் தொடமாட்டா" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவனும் சிரித்தானாம். அந்தச் சிரிப்பை எனக்கும் தெரியும்.

பிறகு உள்ளே போய்க் கோப்பையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று படியில் கால் வைத்தானாம். "தண்ணி நிக்குது, பாக்க ஒண்ணுமில்ல" என்று நீ சொன்னாயாம். கையுறையைக் கழற்றவே இல்லையாம். அந்தக் கையுறையோடு ஒருத்தி வாசலில் நின்றால் எவன்தான் கிட்டே வருவான் என்று ஓபல் கேட்கிறாள். என்னால் அதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை. நீ எவ்வளவு பயந்திருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இனி வழக்கமான பராமரிப்புதான். மாதம் ஒரு முறை வளையத்தைத் துடைத்துக் கிரீஸ் பூசு. எங்காவது போய்ச் சில நாள் தங்குவதானால் கோப்பையில் தண்ணீர் விட்டுப் போ, ரப்பர் காயக்கூடாது. உள்வால்வை நான் வந்ததும் இருவருமாகப் படுத்து மாற்றுவோம். விடுமுறை விட்ட மறுநாளே கிளம்பிவிடுவேன், பாதை திறந்திருந்தால்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். கடிதத்தை முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, ஓரத்தில் பென்சிலால் நீ எழுதியிருந்தது. ராய்ஸ் தன் கருவிப் பெட்டியை உன் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வானாம். மழை வந்தால் துருப்பிடிக்குமே, உள்ளே எடுத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

துருப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று எழுதத்தான் கை வந்தது. ஆனால் உன்னால் அப்படி விடமுடியாது. நீ யாருடைய பொருளையும் மழையில் விடுகிறவள் இல்லை. அதனால் இப்படிச் செய். உள்ளே கொண்டு போகாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் அதை ஓபலின் அலுவலகத்தில் கொண்டுபோய் வை. எல்மோர் தூக்கி வருவார், அது கழிவுத் தொட்டி இல்லையே. அங்கே நனையாது. ராய்ஸ் வந்தால் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே திரும்பிப் போகட்டும். ஓபலிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் காரணம் கேட்கவில்லை.

பெட்டி அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று ஒரு வரி எழுதிப் போடு. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வரி வரும்வரை நான் தினமும் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும். நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

உன் அக்கா,
மாவிஸ்